விலை எல்லாருக்கும் ஒன்றுதான்

கூலிம் ஹைடெக் பூங்காவைச் சுற்றியுள்ள குடும்பங்களில் ஒருவர் தொழிற்சாலையிலும் இன்னொருவர் நகராண்மைக் கழகத்திலும் (மஜ்லிஸ்) வேலை பார்ப்பதுண்டு. உடல் முடியாமல் வேலையை விட்டால் இருவர் கணக்கும் வேறு. தொழிற்சாலைக்காரருக்கு 1969 சட்டத்தின்படி சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ. மஜ்லிஸில் பென்சன் திட்டத்தில் இருந்தவருக்கு 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். தேநீர் ஆறுவதற்குள் மஜ்லிஸ்காரர் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கடைசிச் சம்பளத்தை வேலை பார்த்த மாதங்களால் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும். 360 மாதங்களுக்கு மேல் கணக்கில் வராது. சம்பளம் 2,500 ரிங்கிட் என்றால், 30 வருடம் முடித்தவருக்கு மாதம் 1,500. முதுகெலும்பு பாதித்து 12 வருடத்திலேயே மருத்துவ வாரியம் ஓய்வில் அனுப்பியவருக்கு 600. வேலையில் அடிபட்டிருந்தாலோ வேலையால் நோய் வந்திருந்தாலோ இயலாமை பென்சன் தனியாகச் சேரும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் போனவருக்கு அது கிடையாது.

விலைவாசிக்கு ஈடாக என்ன ஏறும்? 2013 முதல் வருடம் 2 சதவீதம் என்று ஆக்கினார்கள். முதல் வருடத்தில் 1,500 வாங்குபவருக்கு 30 ரிங்கிட். 600 வாங்குபவருக்கு 12. சமையல் எண்ணெயும் அரிசியும் இருவருக்கும் ஒரே விலை. டாக்சி வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் செலவு 600 வாங்குபவருக்குத்தான் அதிகம். இது நியாயமே இல்லை.

அந்த 2 சதவீத முறையை எதிர்த்து, வெளியுறவு அமைச்சில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அமினா அஹ்மாட், மேலும் 56 ஓய்வூதியர்களுக்காகவும் வழக்குப் போட்டார். பழைய முறையைவிட இது பாதகமாக இருக்கிறது என்பது அவர் வாதம். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஜூன் 27-இல் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது.

அதனால் திரும்பி வந்த பழைய முறையில், அரசு ஊழியர் சம்பளம் திருத்தப்பட்டால்தான் பென்சன் நகரும். சம்பளத்துக்கு 2024 டிசம்பரில் 8 சதவீதம், 2026 ஜனவரியில் 7 சதவீதம் என்று அறிவித்தார்கள். மேல்மட்ட அதிகாரிகளுக்கு அதைவிடக் குறைவு. திருத்தம் வராத வருடங்களில் விலை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அமினாவின் வெற்றி பெரியது. ஆனாலும் சதவீதக் கணக்கு அப்படியே இருப்பதால், இளவயதில் உடல் ஒடிந்தவரின் 600 பின்தங்கியே நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையையும் சட்டம் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது மருத்துவ வாரியத்துக்குக் காத்திருந்தால், விபத்து நடந்த அன்றே எழுதிய அறிக்கையின் நகலை அலுவலகத்திலிருந்து வாங்கி வையுங்கள். இயலாமை பென்சனுக்கு, காயம் வேலையில்தான் ஏற்பட்டது என்று பிறகு காட்ட அந்தத் தாள் வேண்டும்.