ஸ்டிரைக் என்றால் அடியா?

"ஸ்டிரைக்" என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளிமார் முகம் சுளிக்கின்றனர். "அடிதடிக்காரர் பேச்சு!" என்கின்றனர். ஆங்கில அகராதியைப் புரட்டினால் அவர்களுக்கு ஆதாரமுங்கூடக் கிடைக்கும். அடி, தாக்கு என்பன அச்சொல்லுக்குரிய பொருள்கள்தாம். மணி அடிப்பதற்கும் அதே சொல். தீக்குச்சி உரசுவதற்கும் அதே சொல். பேரம் முடிப்பதற்குங்கூட அதே சொல்!

ஆனால் தோழர்களே, தொழிலாளியின் ஸ்டிரைக் கைகலப்பில் பிறந்ததன்று, கப்பலில் பிறந்தது!

பாய்மரக் கப்பற் காலத்தில், பாயை இறக்குவதற்கு ஆங்கில மாலுமிகள் வழங்கிய சொல்லும் அதுவே. பாயை இறக்குதல் அன்று பணிவின் அடையாளம். வலியவன் கப்பலைக் கண்டால் எளியவன் பாயை இறக்கி வணங்குவான்.

அந்தப் பணிவின் சொல் உரிமையின் சொல்லானது எப்போது? 1768-இல்! இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சண்டர்லாந்து துறைமுகத்தில் மாலுமிகள் திரண்டனர். தங்கள் குறைகளை எழுதி ஊரறியப் படித்தனர். பின்னர் கப்பல் கப்பலாக ஏறி, பாய் தாங்கும் குறுக்கு மரங்களை இறக்கினர். காற்று இருந்தென்ன, கடல் இருந்தென்ன? கப்பல் நகரவில்லை! அதே ஆண்டில் லண்டன் தேம்சு நதியிலும் கூலி உயர்வு கேட்டு மாலுமிகள் கப்பல்களை நிறுத்தினர். பாயை இறக்கிய சொல், வேலையை நிறுத்தும் சொல்லாயிற்று.

ஆளவந்தார் வாளாவிருப்பரோ? கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் கூடுவதே குற்றம் என்று 1799-இல் சட்டம் செய்தனர். மூன்று மாதம் வரை சிறை என்றனர். 1824-இல் அந்தத் தடை நீங்கிற்று. அடுத்த ஆண்டே புதிய கட்டுப்பாடுகள் வந்தன. ஆயினும், சங்கம் அமைக்கும் உரிமையை அடியோடு பறிக்க இயலவில்லை. சட்டம் மாறியது, சொல் நிலைத்தது!

பிரெஞ்சு மொழியில் வேலைநிறுத்தத்துக்குப் பெயர் "கிரேவ்". பாரிசில் சேன் நதிக்கரையில் அப்பெயர் கொண்ட திடல் ஒன்று இருந்தது. வேலையற்றோர் வேலை தேடிக் காத்து நின்ற இடம் அது. வேலைக்காகக் காத்து நின்ற இடத்தின் பெயரே, வேலையை மறுத்து நிற்கும் உரிமைக்கும் பெயராயிற்று!

இரு சொற்களும் உழைப்பாளியின் இடத்தில் பிறந்தவை. ஒன்று பாய்மரத்தடியில், மற்றொன்று ஆற்றங்கரையில். தமிழோ, சுற்றி வளைக்காமல் "வேலைநிறுத்தம்" என்றே சொல்கிறது. அதில் அடியும் இல்லை, தடியும் இல்லை.

கப்பல் காற்றால் ஓடுகிறது என்று உடைமையாளன் எண்ணியிருந்தான். பாயை ஏற்றும் கை எவருடையது என்பது, அது இறக்கப்பட்ட அன்றுதான் அவனுக்கு விளங்கிற்று!