சுவரில் தொங்கும் உருளைக்குள் என்ன இருக்கிறது?

வங்கி, வைத்தியசாலை, தையற்சாலை, கணினி நிலையம் என எங்கு போனாலும் சுவரில் சிவப்பு உருளைகள் தொங்குவதைக் காண்கிறோம். அவற்றுள் அமுக்கமானி இல்லாமல், வாய்ப்பகுதி கொம்பு போல அகன்றிருப்பது காபனீரொட்சைட்டுத் தீயணைப்புக் கருவி. பெண்கள் நிறைந்த வேலைத்தலங்களில் தீப்பிடித்தால் அதை முதலில் எடுக்க வேண்டியவர்கள் நாமே. ஆகவே அதைப் பற்றி அறிந்திருப்பது அவசியம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள வாயுதான் இது. அப்பத்துக்குப் புளிக்க வைத்த மாவில் குமிழிகளை எழுப்புவதும் இதுவே. வளியில் இது ஏறத்தாழ 0.04 வீதமே இருப்பதால் அங்கிருந்து பிரித்தெடுக்கச் செலவு அதிகம். எனவே கழிவாக வெளியேறும் இடங்களில் இதைப் பிடிக்கிறார்கள். உரத்துக்கான அமோனியா செய்யும் ஆலைகளும், கரும்புப் பாகை நொதிக்க வைத்து மதுசாரம் எடுக்கும் வடிசாலைகளும் அத்தகையவை. பிடித்த வாயுவைத் தூய்மையாக்கி, ஈரத்தை நீக்கி, அமுக்கிக் குளிரச் செய்து திரவமாக்குகிறார்கள். ஈரம் மிஞ்சினால் அமிலம் உண்டாகி உருளையை உள்ளே அரித்துவிடும்.

எப்படி அடைபட்டிருக்கிறது?

நமது சமையல் வாயு உருளையைப் போலவே இதற்குள்ளும் இருப்பது திரவம். ஆனால் அமுக்கம் மிக அதிகம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது வெளி வளியின் அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 70 மடங்காகும். அதனாலேயே உருளையின் சுவர் தடிப்பாக உள்ளது. திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 1 லீற்றர் கொள்ளளவுக்குச் சுமார் 670 கிராம் மட்டுமே நிரப்புகிறார்கள். வெயில் படும் இடத்தில் இதை வைக்கக் கூடாது.

உள்ளே திரவம் இருக்கும் வரை அமுக்கம் குறையாது. எனவே மானி பொருத்தியும் பயனில்லை. நிறுத்துப் பார்ப்பதே வழி. நான் பணிபுரியும் பயிற்சி நிலையத்தில் 5 கிலோ கருவியொன்றைத் தராசில் வைத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. பார்வைக்கு அது புதிதாகவே இருந்தது! பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மீள நிரப்ப வேண்டும்.

எங்கே பயன்படுத்தலாம்?

தொலைபேசி இணைப்பகங்களில் ஏற்படும் மின் தீயை அணைக்க ஒரு வழி வேண்டுமென பெல் தொலைபேசி நிறுவனம் கேட்டதையடுத்து, அமெரிக்காவின் வோல்டர் கிடே நிறுவனம் 1924 இல் இக்கருவியை உருவாக்கியது. இவ்வாயு மின்சாரத்தைக் கடத்தாது, கறையும் விடாது. தையல் இயந்திரம், கணினி, மின்பலகை ஆகியவற்றில் பிடிக்கும் தீக்கு ஏற்றது. முடிந்தால் பிரதான ஆளியை முதலில் நிறுத்துங்கள்.

துணிக்குவியல், விறகு போன்றவற்றில் உள்ளே தணல் இருந்தால் தீ மீண்டும் மூளும். எண்ணெய்த் தாச்சியில் தீப்பிடித்தால் இதை அடிக்க வேண்டாம். வேகத்தில் எரியும் எண்ணெய் சிதறும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுவதே நல்லது. தண்ணீர் ஊற்றவே கூடாது.

கவனிக்க வேண்டியவை

திரவம் வெளியேறும்போது மைனஸ் 78 பாகை வரை குளிர்ந்து வெண்பனியாகிறது. கொம்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். கைபிடியை மட்டுமே பிடிக்க வேண்டும்.

ஒரு கிலோ திரவம் 500 லீற்றருக்கு மேற்பட்ட வாயுவாக விரிகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியான மூடிய அறையில் 5 கிலோவும் வெளியேறினால், வளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாயுவாகிவிடும். அந்த அளவு சில நிமிடங்களில் ஒருவரை மயக்கமடையச் செய்யும். தீயை அணைக்கும் வாயு மூச்சையும் அடைக்கும். எனவே வாசல் பக்கம் நின்றே அடியுங்கள். தீ அணைந்ததும் வெளியே வந்து, காற்றோட்டம் கிடைத்த பின்பே உள்ளே செல்லுங்கள்.

சகோதரிகளே, நாளை வேலைக்குப் போனதும் அங்குள்ள உருளையைப் பாருங்கள். கடைசியாக எப்போது நிறுக்கப்பட்டது என்று பொறுப்பானவரிடம் கேளுங்கள். கேட்பது நமது உரிமை.