தாடை ஆபரேஷன் செய்தால் குறட்டை வருமா? முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள்

கீழ்த்தாடை துருத்திக்கிட்டு இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள் உண்டு. முகம் எப்படி மாறும், பல் வரிசை சரியாகுமா என்று கேட்பார்கள். மூச்சு விடுவதைப் பற்றி கேட்க மறந்து விடுவார்கள். ஆனால் கட்டாயம் கேட்க வேண்டியது அதைத்தான்.

காரணம் இதுதான். நாக்கின் முக்கிய தசை, முகவாய்க்கட்டை எலும்பின் உள்பக்கம் ஒட்டி இருக்கிறது. நாக்குக்கு பின்னால்தான் மூச்சுப்பாதை. எலும்பை அறுத்து தாடையை பின்னால் தள்ளினால் நாக்கும் கூடவே பின்னால் போகும். பீரோவை சுவர்ப்பக்கம் தள்ளினால் நடுவில் இருக்கும் சந்து குறுகுகிற மாதிரி, மூச்சுப்பாதையும் குறுகும்.

பலருக்கு இதை உடம்பே சமாளித்து விடும். ஆனால் குண்டாக இருப்பவர்கள், கழுத்து தடித்தவர்கள், ஏற்கனவே குறட்டை விடுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். இதனால்தான் டாக்டர்கள் பல நேரம் கீழ்த்தாடையை மட்டும் அதிகமாக தள்ளாமல், மேல்தாடையை கொஞ்சம் முன்னால் நகர்த்தி ஈடுகட்டுகிறார்கள்.

முன்னால் இழுத்தால் பலனும் தலைகீழ். தூக்கத்தில் 10 நொடிக்கு மேல் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 5 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் கவனிக்க வேண்டும். 30ஐ தாண்டினால் கடுமையான நோய். ராத்திரி சரியான தூக்கம் இல்லாததால் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகும். விபத்தில் போய் முடியும்.

இதற்கு முதல் சிகிச்சை, மூக்கில் மாட்டும் காற்று மெஷின். அது ஒத்துவராத சிலருக்கு இரண்டு தாடையையும் சுமார் 10 மில்லி மீட்டர் முன்னால் நகர்த்துகிறார்கள். மூச்சுப்பாதை அகலமாகிறது. ஆனால் கீழ் உதடு, முகவாய் மரத்துப் போகலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவும் தங்கி விடும்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் வீக்கத்தால் மூச்சு விட சிரமமாக இருக்கும். தலையை உயர்த்தி வைத்து படுக்க வேண்டும்.

எனவே குறட்டை இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள். பக்கத்தில் படுப்பவர்களையும் கூட அழைத்துப் போங்கள். நமது குறட்டை அவர்களுக்குத்தானே தெரியும்! தூக்கப் பரிசோதனை தேவையா, எத்தனை மில்லி மீட்டர் நகர்த்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அழகு முக்கியம்தான். மூச்சு அதைவிட முக்கியம்.