கோடறிந்து ஆடுவோம்

அறுவடை முடிந்து பொங்கல் நெருங்கிவிட்டால், நம் சிற்றூர்களின் பொதுத் திடல்களில் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றத் தொடங்கும். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, நீர் தெளித்து இளைஞர்கள் கபடிக் களம் அமைப்பார்கள். மாலையில் விளக்குக் கட்டி ஆட்டம் தொடங்கியதும் ஊரே சுற்றி நின்று பார்க்கும். ஆனால் அவ்வாறு நிற்போருள், அக்கோடுகளின் பொருள் அறிந்தவர் எத்தனை பேர்? நடுவர் கை உயர்த்தியதும் ஒரு சாரார் ஆர்ப்பரிக்கின்றனர். மறு சாரார் கூச்சலிடுகின்றனர். களத்துப் பிணக்கு தெருப் பிணக்காகி, உறவினரே ஒருவரோடொருவர் பேசாமற் போவதும் உண்டு. இவற்றிலும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. தம் பிள்ளையின் கழுத்தை ஒருவன் இறுக்கிப் பிடிக்கும்போது, அது விதிக்கு உட்பட்டதா, மாறுபட்டதா என்று கேட்கத் தெரியாமல் பெற்றோர் நின்றுவிடுகின்றனர். ஆகவே, இவ்விளையாட்டின் வழக்குச் சொற்களையும் அடிப்படை விதிகளையும் இங்கே குடும்பத்தார் அனைவருக்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் முன்னோர் இதைச் சடுகுடு என்றே அழைத்தனர். கபடி என்ற பெயர் பின்னர் நாடெங்கும் பொதுவாயிற்று. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது இது காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டப்பட்டது. 1990-இல் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அன்று தொடங்கி 2014 வரை ஆடவர் தங்கம் இந்தியாவை விட்டு அகலவில்லை. 2018-இல் ஈரான் அதனைப் பறித்தது. ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்த போட்டியில் நம்மவர் மீட்டனர். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனும் தஞ்சை மண்ணின் சேரலாதனும் ஊர்த் திடலில் தொடங்கி நாட்டுக்காக ஆடியவர்களே.

செஞ்சியில் வாழும் நமக்கு இவ்விளையாட்டின் உட்பொருளை உணர்வது எளிது. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய நம் கோட்டை, 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதனைக் கைப்பற்ற மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. கபடியும் ஒரு முற்றுகையே. ஆனால் இங்கே படையெடுப்பவர் ஒருவர், காப்பவர் எழுவர், காலமோ 30 நொடி!

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. மகளிர்க்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் போதும். களத்தை இரு பாதியாகப் பிரிப்பது நடுக்கோடு. ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில், இரு பக்கமும் ஒவ்வொரு கோடு உண்டு. இதனைப் பால்க் கோடு என்பர். அதற்கப்பால் ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலமுள்ள பட்டைக்கு லாபி என்று பெயர். தொடுதலோ பிடியோ நிகழும்வரை லாபியில் கால் வைத்தவர் ஆட்டமிழப்பார். நிகழ்ந்த பின்னரோ லாபியும் களத்தின் பகுதியாகிவிடும். சண்டைகள் பல இந்த ஒரு விதியை அறியாமையால் எழுகின்றன.

ஓர் அணியில் பன்னிருவர் வரை இருக்கலாம்; களத்தில் இறங்குவோர் எழுவர். ஆடவர் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரு பாதிகளாக நடக்கும். பாடிச் செல்பவரை ரைடர் என்றும், அவர் செல்வதை ரைடு என்றும் இன்று எல்லோரும் சொல்கின்றனர். எதிர்க்களத்தில் கால் வைக்குமுன்னரே அவர் "கபடி, கபடி" என்று பாடத் தொடங்க வேண்டும். பாட்டு நடுவர் செவிக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். இடையே மூச்சு வாங்கலாகாது. எதிர்க்களத்தில் பாட்டு அறுந்தால் அவர் ஆட்டமிழந்தார். எவரையும் தொடாத நிலையில், பால்க் கோட்டை ஒருமுறையேனும் கடந்து திரும்புவது அவர் கடமை. எல்லையோரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருபவருக்கு இவ்விளையாட்டில் இடமில்லை.

தொட்டுத் திரும்பினால், தொடப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ரைடரைத் திரும்பவிடாமல் பிடித்தால் பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. பிடிபட்டவர் திமிறி, கை விரலால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாலும் போதும். அவரைப் பற்றியிருந்த அனைவரும் வெளியேற வேண்டும். எதிரணியில் அறுவரோ எழுவரோ இருக்கும்போது, ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறு காலை உயர்த்தினால் ஒரு போனஸ் புள்ளி கிட்டும். காப்போர் மூவராகவோ அதற்கும் குறைவாகவோ இருந்து ரைடரைப் பிடித்துவிட்டால் இரண்டு புள்ளிகள். இதுவே சூப்பர் டாக்கிள். அடுத்தடுத்து இரண்டு ரைடுகளில் புள்ளியின்றித் திரும்பிய அணிக்கு, மூன்றாவது ரைடு வாழ்வா சாவா என்னும் ரைடு. வெறுங்கையோடு திரும்பினால் அவரே வெளியேற வேண்டும். இது ஆட்டத்தை விரைவுபடுத்த ஏற்பட்ட விதி.

வெளியேறியவர் நிலை என்ன? அவர் வீட்டுக்குப் போவதில்லை. களத்துக்கு வெளியே தமக்குரிய இடத்தில் அமர்ந்து காத்திருக்கிறார். அவருடைய தோழர்கள் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், இவர்களில் முதலில் வெளியேறியவர் உள்ளே திரும்புவார். போனஸ் புள்ளியால் மட்டும் எவரும் மீள்வதில்லை. அணியின் எழுவரும் வெளியேறினால் அதற்கு லோனா என்று பெயர். எதிரணிக்கு இரண்டு கூடுதல் புள்ளிகள் சேரும். எழுவரும் மீண்டும் களமிறங்குவர். விழுந்தவனைத் தோழன் எழுப்பும் விதி இது. இதனாற்றான் தனி வீரனின் திறமை மட்டும் கபடியில் வெற்றி தருவதில்லை.

இனி, பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியவற்றுக்கு வருவோம். ரைடரின் கை, கால், உடல் ஆகியவற்றை மட்டுமே பிடிக்கலாம். வாயைப் பொத்துவதும், தொண்டையை அழுத்துவதும், மூச்சை அடக்க முயல்வதும் குற்றம். கால்களைக் கத்தரி போல் பின்னிப் பிடித்தல் குற்றம். தலைமயிரையோ உடையையோ பற்றி இழுத்தல் குற்றம். நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், சங்கிலி, காப்பு எதுவும் அணிதல் கூடாது. பிடி வழுக்கும்படி உடலில் எண்ணெய் பூசுதல் ஆகாது. தவறிழைப்பவரைப் பச்சை அட்டை காட்டி எச்சரிப்பர். மஞ்சள் அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே அமர வேண்டும். சிவப்பு அட்டை பெற்றவர்க்கு அவ்வாட்டத்தில் இடமில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் ஆடவர் எடை 85 கிலோவுக்கும், மகளிர் எடை 75 கிலோவுக்கும் மேற்படலாகாது என வரம்பு உண்டு. எடை பார்க்காமல், மீசை முளைத்தவனுக்கு எதிரே பள்ளிச் சிறுவனை நிறுத்துவது வீரமன்று, பொறுப்பின்மையாகும்.

வெளிநாட்டில் இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தேந்தி ஓடுபவரை மோதிக் கீழே தள்ளித் தடுப்பார்கள். அம்மோதலைத் தவிர்க்க ஃபிளாக் ஃபுட்பால் என்னும் ஆட்டம் பிறந்தது. பக்கத்துக்கு ஐவர், ஒவ்வொருவர் இடுப்பிலும் வாரில் தொங்கும் கொடி போன்ற துணிப்பட்டை. பந்தேந்தியவரின் பட்டையை உருவிவிட்டால் போதும், அவர் ஓட்டம் அங்கேயே முடியும், தள்ளுவதற்கு அனுமதியில்லை. ஆடவரும் மகளிரும் ஆடும் இவ்வாட்டம், 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழவிருக்கும் ஒலிம்பிக் விழாவில் இடம்பெறும். இம்முடிவு 2023 அக்டோபரில் நம் நாட்டின் மும்பை நகரில் கூடிய ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது. விரைவையும் விறுவிறுப்பையும் இழக்காமலே ஒரு விளையாட்டை அபாயம் குறைந்ததாக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. நம் சிறுவர்க்கும், தொட்டாலே அவுட், பிடித்து வீழ்த்துதல் இல்லை என்று விதி வகுத்துச் சடுகுடு கற்பிக்கலாம். பாட்டும் மூச்சும் பாய்ச்சலும் பழகிய பிறகு பிடிகளைக் கற்றுக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளைகளை இவ்விளையாட்டுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. 2010-இல் மகளிர் கபடியும் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டே இந்தியப் பெண்கள் தங்கம் வென்றனர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். எளிய குடியிருப்பிலிருந்து ஒரு மகள் நாட்டின் சீருடையை அணிய முடியுமானால், நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் திடல் ஏன் தூரமாக வேண்டும்?

போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தாருக்குச் சில சொற்கள். மண்ணை மென்மையாக்குங்கள், ஒரு சல்லிக் கல்லும் எஞ்சியிருக்க வேண்டாம். இரு ஊரும் ஏற்கும் நடுவரை முன்கூட்டியே அமர்த்துங்கள். ஆட்டத்துக்கு முன் விதிகளை ஒலிபெருக்கியில் ஒருமுறை படியுங்கள். முதலுதவிப் பெட்டி கையருகே இருக்கட்டும். தலையிலோ கழுத்திலோ அடிபட்டு விழுந்தவரை நால்வர் சேர்ந்து தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். "ஒன்றுமில்லை, எழுந்து ஆடு" என்று சொல்வது அன்பன்று.

பெற்றோரே, அடுத்த முறை களத்தருகே நிற்கும்போது வெற்றி எவர் பக்கம் என்று மட்டும் பாராதீர்கள். பிள்ளை கோட்டைக் கடந்தானா, பாட்டு அறாமல் இருந்ததா, பிடித்தவர் கை எங்கே இருந்தது என்று பாருங்கள். தவறு கண்டால் நடுவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். தவறு உங்கள் பிள்ளையினுடையதாயின் அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோடு மறுநாட் காலையில் அழிந்துவிடும். அதனை மதித்து நடக்கும் பழக்கம் பிள்ளையோடு வீடு வந்து சேரும்.