தீ அணைந்த பின்னும் ஓர் ஆபத்து



எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சி வந்தார் ஒரு பண்டாரி. சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாதத்தில், கொதிக்கும் அண்டா சரிந்து, இடுப்புக்குக் கீழே வெந்துபோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதல் வாரம் நன்றாகவே பேசினார். மஹல்லாவே திரண்டு சென்று பார்த்தது. நானும் சென்றேன், கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு துஆச் செய்தேன். இரண்டாம் வாரம் காய்ச்சல் கண்டது. மூன்றாம் வாரம் வஃபாத்தானார். புண்ணில் புகுந்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றும், எம்மருந்துக்கும் அது அடங்கவில்லை என்றும் மருத்துவர் கூறினார்.

அக்கிருமி எவ்வழியே வந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆயினும், அன்று நான் கை கழுவாமல் அக்கட்டிலில் அமர்ந்தது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

தோல் என்னும் கோட்டை

நம் உடலைச் சுற்றி இறைவன் எழுப்பியுள்ள மதிலே தோல். தீயும் கொதிநீரும் அம்மதிலை இடித்துவிடுகின்றன. வெந்து இறந்த தோலில் இரத்த ஓட்டம் இராது. ஆதலால் ஊசி வழியே செலுத்தும் மருந்தும் அங்கே போதிய அளவு சென்று சேராது. ஈரம் நிறைந்த அவ்விடம் கிருமிகளுக்கு விளைநிலமாகிறது.

சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆகிய கிருமிகளே தீக்காயப் பிரிவுகளில் பெரிதும் அஞ்சப்படுபவை. தண்ணீர்த் தொட்டி, கட்டில் கம்பி, மனிதர் கை என எங்கும் அவை தங்கும். மருந்து பட்டதும் வலுவற்றவை மடிகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. அவற்றுள் பல, தம் எதிர்ப்பாற்றலை மற்றக் கிருமிகளுக்கும் கடத்திவிடுகின்றன.

பாஸ்டன் நகரத் தீ

1942 நவம்பர் 28 அன்று இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'கோகோநட் குரோவ்' என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். பிழைத்தோரின் புண்களைக் காக்க, அந்நாளில் மிக அரிதாயிருந்த பெனிசிலின் அவசரமாகக் கொண்டுவரப்பட்டது.

அம்மருந்தை 1928இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதிய அளவின்றி மருந்து உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கும் வலிமை பெற்றுவிடும் என அவர் எச்சரித்தார். அவ்வாறே நடந்தது. 1950களிலேயே மருத்துவமனை ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளுள் பெரும்பாலானவை பெனிசிலினுக்கு அடங்கவில்லை. மாற்றாக வந்த மெத்திசிலினை வென்ற கிருமியும் 1961இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. மற்றவை பலிக்காதபோது கையாளும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டரை, உலக சுகாதார நிறுவனம் 2017இலும் 2024இலும் மிகக் கொடிய கிருமிகளின் வரிசையில் வைத்தது.

நம் கையில் உள்ளது

மருந்து தோற்கும் இடத்திலும் நாம் செய்யக்கூடியவை உள.

சுட்டவுடன் அவ்விடத்தை 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். மை, பற்பசை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். தூய துணியால் மூடி, மருத்துவரிடம் விரையுங்கள்.

நலம் விசாரிக்கக் கூட்டமாய்ச் செல்லாதீர்கள். சளி, காய்ச்சல் உள்ளோரும் சிறு பிள்ளைகளும் செல்லவே வேண்டாம். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். நாள்தோறும் ஐவேளை உளூச் செய்யும் நமக்கு இது பாரமா? படுக்கையில் அமராதீர்கள், கட்டுகளைத் தொடாதீர்கள். செவிலியர் தடுத்தால் சினவாதீர்கள். அவர் நோயாளியின் உயிருக்குக் காவல் நிற்கிறார்.

மருத்துவர் எழுதித் தராமல், கடைக்காரரிடம் கேட்டுக் கிருமிக்கொல்லி மாத்திரைகளை வாங்காதீர்கள். எழுதித் தந்ததை இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள். மீந்த மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது உதவியன்று. நாம் அலட்சியமாய் விழுங்கும் மாத்திரை, நாளை எங்கோ ஒரு தீக்காயக் கட்டிலில் கிடப்பவருக்குப் பலிக்காமற் போகலாம்.

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. அந்நற்செயலே அவருக்குத் தீங்காகிவிடலாமா? வாசலில் நின்று கேட்கும் துஆவையும் வல்ல இறைவன் செவியேற்கிறான். அன்று எனக்கு இது தெரியவில்லை. இன்று உங்களுக்குத் தெரியும்.