சிப்பாய்க்கும் உண்டு காலேஜ்!
துப்பாக்கி பிடித்த கையில் பாடப் புத்தகம்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டின் இரைச்சலை விட்டுக் கூவத்தைக் கடந்தால் தீவுத்திடல். அதற்குக் கிழக்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1734-ஆம் வருஷம் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறியின் ஓசை ஆற்றின் இக்கரையில். பட்டாளத்தின் ஓசை அக்கரையில்!

அந்தக் கோட்டையின் பெயரால் 1812-இல் ஒரு கல்லூரி தோன்றியது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை அதற்கு வித்திட்டவர். கடல் கடந்து உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் அங்கே தமிழும் தெலுங்கும் கற்றனர். பரீட்சையும் உண்டு. தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அதன் தமிழாசிரியர்கள். அந்நிய நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று அல்லவா? ஆனால், அந்தப் படிப்பு சிவில் உத்தியோகஸ்தர்களுக்குத்தான். சாதாரணச் சிப்பாய்க்கு அது எட்டவில்லை.

ஜெர்மனியில் நடந்தது

சிப்பாயைத் தேடிக் கல்லூரியே சென்ற கதை அமெரிக்காவைச் சேர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்காக, 1949-இல் மேரிலாந்து சர்வகலாசாலை தன் பேராசிரியர்களையே அங்கு அனுப்பியது. பகலில் பட்டாள வேலை, மாலையில் வகுப்பு. 1956-இல் ஜப்பான், கொரியா முதலிய இடங்களுக்கும் அது பரவிற்று. யுத்தம் நடந்த வியட்நாமில்கூட வகுப்புகள் நடந்தன!

முதலில் ஆங்கிலம், கணிதம், சரித்திரம் போன்ற அடிப்படைப் பாடங்கள். இப்போது அங்கே கலப்பு வகுப்பு முறையும் உண்டு. ஆசிரியர் முன்னே உட்கார்ந்து கேட்பது பாதி. கம்ப்யூட்டர் வழியே தானே படிப்பது பாதி. திடீரென்று காவல் பணி வந்தாலும் பாடம் நின்றுவிடாது.

நம் நாட்டில்

நம் ஜவானுக்குத் தபால்தான் முதலில் கை கொடுத்தது. டில்லி சர்வகலாசாலை 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. மதுரை 1971-லும், சென்னை 1981-லும் பின்தொடர்ந்தன. பாடம் தபாலில் வரும், சில நாட்கள் நேரில் வகுப்பு, பிறகு பரீட்சை. எல்லைக் காவலில் இருப்பவனுக்கு இதுவும் எளிதல்ல. புத்தகம் ஒரு முகாமுக்கு வரும்போது ஆள் வேறு முகாமில் இருப்பான்!

2009-இல் ராணுவமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 'கியான்தீப்' திட்டத்தில் கை கோத்தன. பட்டாளத்தில் பெறும் பயிற்சியையே படிப்பாகக் கணக்கிடுவது அதன் அடிப்படை. வயர்லெஸ், மோட்டார், மருத்துவ உதவி ஆகிய வேலைகளைக் கற்றவனுக்கு, அந்தப் பயிற்சியே பட்டத்துக்கு ஒரு படி!

2022-இல் அக்னிவீரர்களுக்கு அறிவித்த மூன்று வருஷப் பட்டப் படிப்பும் இந்த வழியில் வந்ததே. பாதி மதிப்பெண் ராணுவப் பயிற்சிக்கு. மறு பாதிக்கு மொழி, பொருளாதாரம், வணிகம், விவசாயம், ஏன், சோதிடம்கூட எடுத்துப் படிக்கலாம். ஒரு வருஷத்தோடு நின்றால் சான்றிதழ். இரண்டு வருஷத்துக்கு டிப்ளமா. மூன்றும் முடித்தால் பட்டம்.

ஏன் இந்தப் படிப்பு?

பட்டாளத்துக்காரனின் கவலை போர்க்களத்தோடு முடிவதில்லை. பதினெட்டு வயதில் சேரும் ஜவான் நாற்பதை எட்டுமுன்னே ஓய்வு பெற்றுவிடுகிறான். அக்னிவீரருக்கோ நான்கே வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாயுடன் ஊர் திரும்ப வேண்டும். திட்டத்தின் முதல் அணியினருக்கு அந்த நாள் 2026 கடைசியில் வரத் தொடங்குகிறது. பணம் கரையும். தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக் கூரை என்று செலவுக்கா பஞ்சம்? கையில் இருக்கும் படிப்பு கரையாது.

"துப்பாக்கி சுடுவதற்கு மார்க்கா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. பட்டத்தில் பாதி பயிற்சியால் வந்தது என்றால், வேலை கொடுக்கும் முதலாளி அதை முழுப் பட்டமாக மதிப்பாரா? மதிக்க வேண்டுமானால், மறு பாதிப் படிப்பு பெயரளவில் இருக்கக் கூடாது. பாடம் நேரத்துக்கு வர வேண்டும். சந்தேகம் தீர்க்க ஆசிரியர் வேண்டும். மேலதிகாரி பரீட்சைக்கு லீவு கொடுக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பட்டம் வெறும் காகிதமே!

பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தையும் ரேஷனையும் விசாரிப்பது வழக்கம். "அங்கே படிக்க வழி என்ன?" என்பதையும் கேட்டுவைப்பது நல்லது. பிள்ளையும் சேர்ந்த முதல் வருஷத்திலேயே பெயரைப் பதிவு செய்துகொள்ளட்டும். உடுப்பைக் கழற்றும் நாளில் உதவப் போவது அந்தப் படிப்புதான்.