கேள்வி கேட்காமல் நிறுவப்படும் சேர்வர்

நான் வேலை செய்யும் ஆவணப்படுத்தல் அலுவலகத்தில் நான்கு சேர்வர்கள் இருக்கின்றன. நான்கும் வெளிநாட்டில் பாவித்துக் கழிக்கப்பட்டு, அங்கிருக்கும் நம்மவர்கள் சேர்த்து அனுப்பியவை. உள்ளே இருப்பவை மட்டும் பழைய சாமான்கள் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தந்த வாக்குமூலங்கள், படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு ஓடிய பிறப்புச் சான்றிதழ்கள். பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. தாளை நீட்டும் அம்மாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “தம்பி, இது பத்திரமா இருக்குமோ?”

அதற்கான பதிலில் ஒரு பகுதி தொழில்நுட்பம் சார்ந்தது. சேர்வர் ஒன்று செத்துப்போனால், அதே போன்ற இன்னொன்றை எவ்வளவு விரைவாக, யாரால் மீண்டும் எழுப்ப முடியும் என்பதே அது.

முதலில் மெய்நிகராக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் மென்பொருளால் பல தனிக் கணினிகளை உருவாக்கி ஓடவிடுவதுதான் அது. ஆவணக் களஞ்சியம் ஒன்றில், மின்னஞ்சல் இன்னொன்றில், ஸ்கேன் வேலைகள் வேறொன்றில் என்று பிரித்து வைக்கலாம். ஒன்று பழுதானால் மற்றவை நிற்காது. இயந்திரமே போனாலும், மெய்நிகர் கணினியின் காப்புப் பிரதி கையிலிருந்தால் வேறு இயந்திரத்தில் அதை எழுப்பலாம். இதற்குப் பலரும் பாவித்து வந்தது விஎம்வெயார் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ. 2023 நவம்பரில் அந்த நிறுவனத்தை புரோட்கொம் வாங்கியது. 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது, 2025இல் மீண்டும் வந்தது. வரும், போகும் ஒன்றை நம்பி எங்களைப் போன்ற சிறிய இடங்கள் இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். நாங்கள் பாவிப்பது புரொக்ஸ்மொக்ஸ். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட திறந்த மூல மென்பொருள், வியன்னாவிலுள்ள ஒரு நிறுவனம் தயாரிப்பது.

இதைக் கையால் நிறுவுவது கடினமல்ல. நாடு எது, நேர வலயம் எது, எந்த டிஸ்கில் நிறுவுவது, ஐபி முகவரி என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்கும். பதில் சொன்னால் முடிந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில்கள் எல்லாம் ஒருவருடைய தலைக்குள் இருக்கின்றன. 2022க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கணினி தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாளை நானும் இல்லாமல் போகலாம். அதனால் பதில்களைக் கோப்பில் எழுதி, இயந்திரம் அவற்றைத் தானே வலையமைப்பில் எடுத்துக்கொள்ளும்படி செய்தோம்.

அது நடக்கும் விதம் இதுதான். சேர்வரை வலையமைப்பிலிருந்து தொடங்கச் சொன்னால், அதன் நெட்வேர்க் கார்ட் “எனக்கு ஒரு முகவரி தாருங்கள்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். இந்த முறைக்கு பீஎக்ஸ்ஈ என்று பெயர். முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை, ஐபி முகவரியோடு இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லும்: தொடக்கக் கோப்பு எந்தச் சேர்வரில் இருக்கிறது, அதன் பெயர் என்ன. அமைப்புகளில் இவை 66ஆம், 67ஆம் இலக்கத் தெரிவுகளாக இருக்கும். இயந்திரம் அந்தக் கோப்பை ரிஎஃப்ரிபி என்ற பழைய முறையில் இறக்கிக்கொள்ளும். இது 1980களின் தொடக்கத்தில் வந்தது. கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. இயல்பாக 512 பைற் துண்டு ஒன்றை அனுப்பி, “கிடைத்தது” என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். புரொக்ஸ்மொக்ஸ் நிறுவியோ ஒரு ஜிகாபைற்றுக்கு மேல். எனவே ஐபிஎக்ஸ்ஈ என்ற சிறிய நிரலை மட்டும் இந்த வழியில் இறக்கி, மிகுதியை அந்த நிரல் எச்ரிரிபி மூலம் வேகமாக எடுக்கும்படி வைத்தோம். பழைய பயோஸ் இயந்திரங்களுக்கும் புதிய யூஈஎஃப்ஐ இயந்திரங்களுக்கும் இந்தச் சிறு கோப்பு வேறு வேறு. இது தெரியாமல் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, நிறுவி முழுவதும் நினைவகத்தில் ஏற்றப்படுவதால் நினைவகம் குறைந்த பழைய இயந்திரத்தில் பாதியில் நின்றுவிடும்.

2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புரொக்ஸ்மொக்ஸிலேயே விடைக் கோப்பு வசதி இருக்கிறது. நிறுவி கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கலாம். நேர வலயம் ஆசியா/கொழும்பு, டிஸ்க் இரண்டையும் ஒன்றின் பிரதியாக மற்றது இருக்கும்படி இணை, முகவரி இது, என்பதுபோல. கோப்பில் பிழை இருக்கிறதா என்று முன்கூட்டியே சரிபார்க்கும் கருவியும் கூடவே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நிறுவி விடையைக் கேட்கும்போது தன் தொடர் இலக்கம், நெட்வேர்க் கார்டின் முகவரி போன்ற அடையாளங்களையும் அனுப்புகிறது. ஆகவே பட்டியலிலுள்ள இயந்திரத்துக்கு மட்டுமே விடை கொடுக்கும்படி செய்யலாம். தெரியாத இயந்திரம் கேட்டால் பதில் கிடைக்காது, நிறுவலும் நடக்காது.

இது ஏன் முக்கியம்? கேள்வி கேட்காத நிறுவி, “இந்த டிஸ்கை அழிக்கட்டுமா?” என்றும் கேட்காது. அழித்துவிடும். கோப்பில் முதலாவது டிஸ்க், இரண்டாவது டிஸ்க் என்று எழுதுவது ஆபத்தானது. லினக்ஸ் அவற்றுக்கு வைக்கும் பெயர்களின் வரிசை மாறலாம். அதனால் டிஸ்கின் தொடர் இலக்கத்தைக் குறிப்பிட்டே எழுதுகிறோம். அதற்கு மேலும், வாக்குமூலங்கள் இருக்கும் டிஸ்குகளை நிறுவல் முடியும்வரை கையால் கழற்றி வைப்போம். மென்பொருளில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும், கழற்றி மேசையில் வைத்த டிஸ்கை எந்த நிரலாலும் அழிக்க முடியாது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அதிகம் அழுத்திச் சொல்லாத ஒரு விடயம் கரண்ட். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். இன்றும் காற்று, மழைக்குக் கரண்ட் போய் வருவது எங்களுக்குப் புதிதல்ல. பல சேர்வர்கள் கரண்ட் வந்தவுடன் தாமாகவே எழும்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். தொடக்க ஒழுங்கில் வலையமைப்பு முதலாவதாக இருந்தால் என்ன ஆகும்? எழும்பும், நிறுவியைக் கேட்கும், விடை கிடைக்கும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிக்கொள்ளும். நடுச்சாமத்தில், யாரும் இல்லாத அறையில். எனவே டிஸ்க்தான் எப்போதும் முதலாவது. வலையமைப்பிலிருந்து தொடங்குவதை அந்த ஒருமுறைக்கு மட்டும் தெரிவு செய்கிறோம். நிறுவல் முடிந்தவுடன் விடை கொடுக்கும் சேவையையும் நிறுத்திவிடுகிறோம். இதையெல்லாம் அலுவலக ரவுட்டரில் செய்வதுமில்லை. தனியாக ஒரு சிறிய சுவிட்ச், அதில் நிறுவப்படும் இயந்திரமும் ஒரு மடிக்கணினியும் மட்டும். ஒரே வலையில் இரண்டு டிஎச்சிபி இருந்தால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

இனி இரகசியங்கள். விடைக் கோப்பு மறைகுறியாக்கம் இல்லாத வழியில் போனால், அதே வலையில் இருக்கும் எவரும் வாசிக்கலாம். கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல் ஹாஷ் வடிவில் எழுத முடியும், அப்படித்தான் எழுத வேண்டும். எங்கள் விடயத்தில் அது போதாது. யார் யார் வாக்குமூலம் தந்தார்கள் என்ற பட்டியல் வெளியே போனால் ஆபத்து எங்களுக்கு அல்ல, பேசியவர்களுக்கு. ஆகவே ஆவணங்கள் இருக்கும் பகுதியை நிறுவலுக்குப் பிறகு தனியாக மறைகுறியாக்கம் செய்கிறோம். அதன் திறவுச்சொல் எந்தக் கோப்பிலும் இல்லை. பாதி ஒருவரிடம், பாதி இன்னொருவரிடம். கரண்ட் போய் வந்தால் இருவரும் வந்து தட்டச்சுச் செய்யும்வரை களஞ்சியம் திறக்காது. தானியங்கி வேலை அந்த இடத்தோடு வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருக்கிறது. சில நாட்களில் அது எரிச்சல்தான், ஆனாலும் மாற்றுவதாக இல்லை.

நிறுவியபின் காப்புப் பிரதியிலிருந்து மெய்நிகர் கணினிகளை மீட்கவேண்டும். பிரதி அதே அறையில் இருந்தால் பயனில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. மற்றெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் போயின. எங்களிடம் மூன்று பிரதிகள் உண்டு, ஒன்று மாவட்டத்துக்கு வெளியே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கிறோம். விதி ஒன்றுதான்: அதை நான் செய்யக்கூடாது. அச்சிட்ட இரண்டு தாள்களை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நிற்பேன். அவர் கதவைத் திறந்து என்னிடம் ஏதாவது கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில் அன்றைக்கே தாளில் ஏறும்.